கிட்டங்கியடி

கமலாவதி தொலைபேசியில் அழுதுகொண்டு சொன்னதில் லூர்த்தம்மாவுக்கு முதலில் இரண்டு சொற்கள்தான் விளங்கின. தார்ப்பாய், கரை.

"ஆறுதலாச் சொல்லுங்கோ அக்கா. கரைக்கு என்ன?"

"இடியுதடி! தார்ப்பாய் பறந்திட்டுது. காவலுக்கு நிண்ட பொலிஸ்காரர் வெள்ளம் எண்டு றோட்டுக்குப் போயிட்டினம். கிடங்குக்குள்ளை ஆறு பூந்திட்டுது லூர்த்தம்மா. எங்கடை ஆக்களைத் தண்ணி கொண்டு போகப்போகுது."

குடாநாட்டில் ஆறு என்று பெயர் சொல்லி நன்னீர் ஓடுவது வழுக்கையாறு ஒன்றுதான். அதுவும் மாரியில் மட்டும். தெல்லிப்பளைப் பக்கம் விழுகிற மழையை வாரிக்கொண்டு வந்து அராலியில் கடலேரியோடு சேரும். மற்ற மாதங்களில் அது மாடு மேயும் பள்ளம். ஐப்பசிக்கு முன் அதை ஆழப்படுத்த வந்த இயந்திரம், வட்டுக்கோட்டைக்காரர் செல்வநாயகத்தின் வயலோரத்தில் சேற்றோடு ஒரு மண்டையோட்டையும் அள்ளிப் போட்டது. பிறகு பொலிஸ் வந்தது, நீதவான் வந்தார், கையுறை போட்ட நிபுணர்கள் வந்தார்கள். நாலு நாட்களில் மேல்மண்ணை விலக்கி, தெரிந்த பதினாலு எலும்புக்கூடுகளுக்கு இலக்கம் குத்தினார்கள். ஐந்தாம் நாள் மழை தொடங்கியது. தோண்டிய கிடங்கைத் தார்ப்பாயால் மூடி மண்மூட்டை அடுக்கிவிட்டு, தை பிறக்க வருகிறோம் என்று போய்விட்டார்கள். எல்லாம் கிடந்த இடத்திலேயே கிடந்தன.

அந்த நாலு நாளும் லூர்த்தம்மா அங்கேதான் இருந்தாள், காணாமற்போன மகனைத் தேடும் கமலாவதியோடு. தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆடி மாதம் அவள் புருசன் பிலிப்பு குருநகரிலிருந்து சைக்கிளில் கருவாடு கட்டிக்கொண்டு வட்டுக்கோட்டைக்குப் போனவன். அராலிச் சந்திக்குக் கிட்ட, இராணுவச் சோதனைச்சாவடியில் அவனை இறக்கியதை இரண்டு பேர் கண்டார்கள். அதற்குப் பிறகு கண்டவர் இல்லை. அவளுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. மகள் றொசாந்திக்கு மூன்று. இப்போது றொசாந்திக்கே பத்து வயதில் பிள்ளை இருக்கிறது.

பிலிப்புவை அடையாளம் காண ஒரு வழி இருந்தது. ஷெல் விழுந்து முறிந்த வலது தொடையில் ஒரு வெளிநாட்டு டொக்டர் இரும்புத் தகடு வைத்துப் பூட்டியிருந்தார். தசை அழியும், துணி அழியும், தகடு அழியாது. அங்கே நின்ற நிபுணரிடம் அவள் அதைத்தான் கேட்டாள். "இன்னும் அப்படி ஒன்றும் வரவில்லை அம்மா," என்றார் அவர். அந்த 'இன்னும்' என்ற சொல்லை வைத்துக்கொண்டுதான் அவள் இந்த ஒரு மாதமும் சோறு தின்றாள்.

தொலைபேசியை வைத்ததும் அவள் நேரே கனிசியஸ் வீட்டுக்குப் போனாள். கனிசியஸ் பிலிப்புவின் தம்பி. ஐம்பது கடந்தவன், சிறிய வள்ளம் வைத்துக் கடலேரியில் இறால் பிடிப்பவன்.

"றோட்டால போகேலாது. கல்லுண்டாய் வெளி முழுக்கத் தண்ணியாம். வள்ளத்தை எடு தம்பி," என்றாள்.

"விசரே மச்சாள் உங்களுக்கு? மூண்டு நாளா ஒருத்தரும் தொழிலுக்குப் போகேல்லை. வாடைக்காத்து பாருங்கோ எப்பிடி அடிக்குது."

"நீ வராட்டி நான் தனியப் போவன்."

அவள் சொன்னால் செய்வாள் என்று அவனுக்குத் தெரியும். இயந்திரத்தைத் தோளில் தூக்கினான். மீன் போடுகிற நீலப் பெட்டிகள் இரண்டையும் அவள் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் போனாள்.

காலை எட்டு மணியாகியும் மம்மலாக, இருட்டிக்கொண்டு இருந்தது. பண்ணைப் பாலத்துக்குக் கீழால் குனிந்து வெளியே வந்ததும் அலை பக்கத்தில் அடிக்கத் தொடங்கியது. கனிசியஸ் ஒரு கையால் இயந்திரத்தைப் பிடித்தான். அவள் பாதி வெட்டிய பிளாஸ்ரிக் கானால் தண்ணீரை இறைத்தாள். நாவாந்துறை, காக்கைதீவு என்று கரை மழைக்குள் தெரிந்து தெரிந்து மறைந்தது. இரண்டு முறை இயந்திரம் நின்றது. இரண்டாம் முறை கனிசியஸ் கயிறு இழுத்து இழுத்துக் களைத்துப்போய், "அண்ணை உயிரோடை இருந்தால் என்னை உதைப்பார்," என்றான். அவள் இன்னும் வேகமாக இறைத்தாள்.

அராலி அணைக்கட்டில் கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. கலங்கிய மழைத்தண்ணீர் சீறிக்கொண்டு கடலேரிக்குள் விழுந்தது. அதை எதிர்த்து வள்ளம் ஏறாது. பக்கத்து மண்ணணையில் ஒட்டி, இருவரும் இறங்கி இழுத்தார்கள். வள்ளம் அசைந்து கொடுக்கவில்லை.

அணைக்கு மேலே குடையும் பிடிக்காமல் ஒருவர் நின்றார். கிட்டப் போய்ப் பார்த்தபோது செல்வநாயகம். எழுபத்துநாலு வயது. கிடங்கு தோண்டிய நாட்களில் வந்திருந்த குடும்பங்களுக்குத் தன் வைக்கோல் கொட்டிலை ஒதுக்கிக் கொடுத்தவர். இரண்டு நேரமும் தேநீர் வைத்து அனுப்பியவர். லூர்த்தம்மா தன் செபங்களில் அவருக்கும் ஒரு செபம் சேர்த்திருந்தாள்.

"திரும்பிப் போ பிள்ளை," என்றார் அவர். "இனி அங்கை ஒண்டும் மிஞ்சாது."

"மிஞ்சினதை எடுக்கத்தான் வந்தனான் ஐயா. ஒரு கை பிடிச்சு விடுங்கோ."

அவர் சறத்தை மடித்துக் கட்டி வள்ளத்தில் கை வைத்தார். மூன்று பேரும் மூச்சுப் பிடித்துத் தள்ளி அதை மறுபக்கம் இறக்கினார்கள். அவர்கள் கேட்காமலே அவரும் ஏறிக்கொண்டார்.

"நான் வராட்டி உங்களுக்கு ஆறு எது வயல் எது எண்டு தெரியாது."

அது உண்மைதான். அணைக்கு மேலே கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரே செந்நிறத் தண்ணீர். நட்டு ஒரு மாதமான நெல் அதற்குள் அமிழ்ந்து கிடந்தது. பனைகள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. ஊதிப்போன ஆடொன்று மெல்லச் சுற்றிக்கொண்டு எதிரே வந்து கடந்து போனது. இயந்திரத்தில் புல் சிக்கவே கனிசியஸ் அதை நிறுத்திவிட்டுக் கம்பால் ஊன்றினான். செல்வநாயகம் முன்னால் இருந்து கையைக் காட்டினார். இந்தப் பக்கம், கொஞ்சம் வலப்பக்கம், அந்த மருதமரத்தை நேரே பிடி. மழைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. ஒரு மைல் போக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தது.

கிடங்கு இருந்த இடம் கரையின் ஒரு மூலை. ஆறு அங்கே வளைந்து நேரே மண்ணில் முட்டியது. தார்ப்பாய் போய்விட்டது. மண்மூட்டைகளில் பாதி போய்விட்டது. கரை செங்குத்தாக அறுபட்டு நிற்க, அந்த அறுப்பிலிருந்து வேர் தொங்குவது போல எலும்புகள் நீட்டிக்கொண்டிருந்தன. லூர்த்தம்மா பார்த்துக்கொண்டு இருக்கும்போதே ஒரு கட்டி மண் விழுந்தது. வெள்ளையாக ஏதோ அதோடு போய்த் தண்ணீரில் மறைந்தது.

"யேசுவே!" என்று கத்திக்கொண்டு அவள் குதித்தாள். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது.

"மச்சாள், கம்பைப் பிடியுங்கோ! கம்பை விடாதையுங்கோ!"

அவள் ஒரு கையால் கம்பைப் பிடித்தாள். மற்றக் கையால் மண்ணைக் கிளறினாள். கிடைத்ததை எல்லாம் கனிசியஸிடம் நீட்டினாள், அவன் பெட்டியில் வைத்தான். விலா, முழங்கை, மண்டையோட்டின் அரைவாசி. தொடை எலும்பு வந்தபோதெல்லாம் நிறுத்தி விரலால் தடவினாள். ஒன்று, இரண்டு, நாலு. தகடு இல்லை. ஐந்தாவது தொடை எலும்பு ஒரு முழ நீளம்கூட இல்லை.

"இது குழந்தைப் பிள்ளையின்ரையெல்லோ," என்றாள்.

அடுத்து ஒரு கால் எலும்பை இழுத்தபோது அதோடு இரும்பு வந்தது. தகடு என்றுதான் நினைத்தாள். கழுவிப் பார்த்தால் அது துருப்பிடித்த கனத்த வளையம். கணைக்காலைச் சுற்றிப் பூட்டியிருந்தது. வளையத்திலிருந்து இரண்டு சங்கிலிக் கண்ணி தொங்கியது.

"விலங்கு போட்டே சாக்கொண்டவங்கள்?" என்றான் கனிசியஸ். "அண்ணைக்கும் விலங்கே போட்டவங்கள்?"

அவன் வளையத்தை வாங்கும்போது அதில் ஒட்டியிருந்த சேற்றிலிருந்து பச்சை பிடித்த செப்புச் சல்லி ஒன்று வள்ளத்துக்குள் விழுந்தது. சறத்தில் தேய்த்துப் பார்த்தான். ஒன்றுக்குள் ஒன்று மாட்டிய மூன்று எழுத்துகள். புயலுக்குப் பிறகு பழைய டச்சுக் கோட்டைப் பக்கத்துக் கரையில் வலை காயவைக்கிறவர்கள் அதைப் பல தடவை கண்டெடுத்திருக்கிறார்கள்.

"மச்சாள்," என்றான் மெதுவாக. "இது ஒல்லாந்தன்ரை சல்லி."

அப்போதுதான் செல்வநாயகம் வாய் திறந்தார்.

"உது உன்ரை புருசன்ரை காலத்து எலும்பில்லை, பிள்ளை."

"உங்களுக்கு என்னெண்டு தெரியும்?"

"எனக்கு முதல் நாளே தெரியும்."

மழை அவர் முகத்தில் வழிந்தது. துடைக்கவில்லை.

"இந்தக் காணிக்கு உறுதிப்பத்திரத்தில பேர் கிட்டங்கியடி."

"கிட்டங்கியில நெல்லுத்தானே வைப்பினம்?" என்றான் கனிசியஸ்.

"நெல்லில்லை தம்பி. சனம்." அவர் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பக்கம், தஞ்சாவூர்ப் பக்கத்தில பஞ்சமாம். ஒரு கொத்து அரிசிக்குப் பிள்ளையை வித்த காலமாம். வாங்கின சனத்தை ஒல்லாந்தன் தோணியில கொண்டந்து, இந்த ஆத்து வாய்க்குள்ளை விட்டு, இஞ்சை அடைச்சு வைச்சவன். கப்பல் வந்தால் கொழும்புக்கும் பத்தாவியாவுக்கும் ஏத்துவாங்கள். வராட்டி இஞ்சையே கிடந்து பேதியில சாகிறது. வெள்ளைக்காரர் ரெண்டு பேர்தானாம் இருந்தது. காவல் நிண்டது, கதவு பூட்டினது, செத்ததுகளை இழுத்து வந்து தாட்டது எல்லாம் எங்கடை ஆக்கள். அந்த ஊழியத்துக்குத் தோம்பில, ஒல்லாந்தன்ரை காணிப் பதிவில, எழுதிக் குடுத்ததுதான் இந்தக் காணி. ஆத்துப் பக்கம் மண்வெட்டி போடாதை எண்டு அப்பா சாகேக்க சொன்னவர்."

லூர்த்தம்மா கையிலிருந்த மண்ணை உதறிவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்ப, நாங்கள் உங்கடை கொட்டிலுக்குள்ளை இருந்து அழேக்க நீங்கள் தேத்தண்ணி தந்தனீங்கள்."

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டு தந்தனீங்கள்."

"ஓம், பிள்ளை. முதல் நாள் மெசின் இப்பிடி ஒரு வளையத்தை அள்ளிப் போட்டது. பொலிஸ் வரமுன்னம் எடுத்து ஒளிச்சனான். போர்க்காலத்துக் கிடங்கெண்டால் பழி வேறை ஆக்களில விழும். எங்கடை பேர் வராது. எனக்கு அது வசதியாப் போச்சு."

அவள் கம்பை இரண்டு கையாலும் பிடுங்கி ஓங்கினாள். கனிசியஸ் பாய்ந்து பிடித்திராவிட்டால் அது கிழவரின் தலையில்தான் விழுந்திருக்கும். அவர் தலையைத் திருப்பவும் இல்லை. கம்பு கையிலிருந்து நழுவியதும் அவளுக்கு அழுகை வந்தது. கமலாவதிக்கு முன்னாலும் மகளுக்கு முன்னாலும் அடக்கி வைத்திருந்த அழுகை. வாய் திறந்து, ஆற்றுத்தண்ணீர் வாய்க்குள் போகப் போக அழுதாள். இருபத்தொன்பது வருசமும் போதாதென்று, ஒரு மாதம் ஒரு பொய்க் கிடங்கைச் சுற்றி அவளை நடக்க வைத்திருக்கிறார்கள்.

கரையிலிருந்து இன்னொரு கட்டி விழுந்தது. அவள் கை தானாகப் போய் அதற்குள் இருந்ததை ஏந்தியது. ஒரு சிறிய கீழ்த்தாடை. பால்பற்கள் இருந்தன. அவற்றுக்குக் கீழே முளைக்காத பற்கள் எலும்புக்குள் காத்துக்கொண்டிருந்தன. ஐந்து வயது இருக்கும். அவள் அதைப் பார்த்தாள். பிறகு செல்வநாயகத்தைப் பார்த்தாள்.

"இறங்குங்கோ ஐயா."

"பிள்ளை, எனக்கு நெஞ்சு..."

"இறங்கி எடுங்கோ. உங்கடை ஆக்கள் போட்டதுகள். நீங்களே எடுங்கோ."

அவர் இறங்கினார். ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் அவர் கழுத்துவரை வந்தது. முதலில் கண்ணை மூடிக்கொண்டு துழாவினார். பிறகு திறந்துகொண்டு. அரை மணித்தியாலம் மூவரும் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். முதல் பெட்டி நிரம்பியது. இரண்டாவது அரைவாசி வந்தபோது மேலேயிருந்த வயல்வரம்பு நீளமாக வெடித்தது. "விலகுங்கோ!" என்று கனிசியஸ் கத்தினான். ஒரு வீட்டளவு மண் அப்படியே வழுகி ஆற்றுக்குள் இறங்கியது. வள்ளம் தூக்கி எறியப்பட்டுச் சுழன்றது. லூர்த்தம்மா விளிம்பைப் பிடித்துத் தொங்கினாள். கிழவரைக் காணவில்லை. நாலு பாகத் தூரம் தள்ளி அவருடைய சட்டை மிதந்தபோது கனிசியஸ் பாய்ந்து, முடியில் பிடித்து இழுத்து வந்தான். வள்ளத்துக்குள் குப்புறப் போட்டு முதுகில் குத்தக் குத்தச் சேற்றுத்தண்ணீர் கக்கினார். அவருடைய வலக்கைக்குள் ஒரு மண்டையோடு இருந்தது. மூழ்கியபோதும் அதை அவர் விடவில்லை.

கிடங்கு இருந்த இடத்தில் இப்போது ஆறு ஓடியது. பதினாலில் எத்தனை வள்ளத்தில் இருந்தன, எத்தனை கடலேரிக்குப் போயின என்று யாருக்கும் தெரியாது.

திரும்பும்போது ஓட்டம் அவர்களைத் தானாகவே கொண்டு வந்தது. அணைக்குக் கிட்ட வந்ததும் கனிசியஸ் கம்பை ஊன்றி வள்ளத்தை நிறுத்தினான்.

"மச்சாள், நான் சொல்லுறதைக் கேளுங்கோ. வளையத்தையும் சல்லியையும் ஆத்துக்கை போடுங்கோ. எலும்பை மட்டும் குடுப்பம். பழசு எண்டு தெரிஞ்ச உடனை எல்லாத்தையும் மூடிப் போடுவாங்கள். ஒரு மூலையைத்தானே கிண்டினவங்கள்? அண்ணையைக் கடைசியாக் கண்டது உந்தப் பக்கம். மிச்சக் காணிக்குள்ளை என்ன கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும்?"

அவன் சொன்னதில் பிழையில்லை. லூர்த்தம்மா வளையத்தை எடுத்துத் தண்ணீருக்கு மேலே நீட்டினாள். கனம் கையை இழுத்தது. விரலை விரித்தால் போதும். தை மாதம் நிபுணர்கள் வருவார்கள், தோண்டுவார்கள், அந்த 'இன்னும்' இன்னொரு வருசம் உயிரோடு இருக்கும். கமலாவதியின் மகன் கோகுலனுக்கும், மற்ற அறுபது குடும்பங்களுக்கும் அப்படித்தான்.

செல்வநாயகம் வள்ளத்தின் முன்பக்கத்தில் நடுங்கிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாதத்துக்கு முன் இதே காணியில் இதே போன்ற இரும்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர் அவர்.

அவள் கையை உள்ளே எடுத்தாள்.

"அவர் செய்ததை நான் செய்யேலாது," என்றாள் கனிசியஸிடம். பால்பற்கள் இருந்த தாடைக்குப் பக்கத்தில் வளையத்தை வைத்துப் பெட்டியை மூடினாள்.

அன்று மத்தியானம் பொலிஸில் மூவரும் நனைந்தபடியே நின்று வாக்குமூலம் கொடுத்தார்கள். நீதிமன்றத்துக்கு உரிய இடத்தில் கை வைத்ததற்கு லூர்த்தம்மாவை ஒரு மணித்தியாலம் ஏசினார்கள். செல்வநாயகம் தனக்குத் தெரிந்தது முழுவதையும் சொன்னார். அவர் அதைச் சொன்னது அதுவே முதலும் கடைசியும். அடுத்த வழக்குத் தவணைக்குக் கனடாவிலிருந்து வந்து சேர்ந்த மகன், தகப்பனுக்கு ஞாபகம் தடுமாறுகிறதென்று வைத்தியக் கடிதம் கொண்டுவந்து கொடுத்தான். அவள் ஒருநாள் கனிசியஸைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். படலை பூட்டியிருந்தது. உள்ளே யன்னலடியில் அவர் இருந்தது தெரிந்தது. எழும்பி வரவில்லை.

மாசியில் ஆய்வு முடிவு வந்தது. முந்நூறு வருசத்துக்கு மேற்பட்ட எலும்புகள். குற்றவியல் வழக்குக்கு உரியவை அல்ல. கிடங்குக்குப் போட்ட தடையை நீக்கினார்கள். மிச்சக் காணியையும் தோண்டிப் பாருங்கள் என்று லூர்த்தம்மா மனுக் கொடுத்தாள். அதற்கு முகாந்திரம் இல்லை என்று பதில் வந்தது. எலும்புகளை ஒரு அரசாங்கக் கந்தோருக்கு மாற்றினார்கள். அங்கே போய்க் கேட்டபோது ஒரு எழுதுநர் அவளைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். அலுமாரிக்கு மேல் நாலு காகிதப் பெட்டிகள். 'ஒல்லாந்தர் கால மனித எச்சங்கள், உரிமை கோருவோர் இல்லை' என்று ஒட்டியிருந்தது. காவல் நின்றவர்களைப் பற்றியும் காணியைப் பற்றியும் அறிக்கையில் ஒரு வரியும் இல்லை.

"இவையளைப் புதைக்கிறேல்லையோ?" என்று கேட்டாள்.

"ஆரும் கையெழுத்து வைச்சு எடுத்தால் புதைக்கலாம் அம்மா. ஆனால் உறவுக்காரர் வேணுமே."

காணாமற்போனவர்களின் குடும்பங்கள் வழக்கமாகக் கூடுகிற பந்தலுக்கு அவள் அடுத்த திங்கட்கிழமை போனாள். பிலிப்புவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு கமலாவதிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். கமலாவதி எழும்பி நின்றாள். எழுபதைத் தாண்டிய மனுசி. முழங்கால் பிடித்துப்போய் நிற்கவே பத்து நொடி எடுக்கும்.

"நீ ஆத்துக்கை போட்டிருக்கலாம்," என்றாள்.

"அக்கா..."

"கனிசியஸ் சொன்னவன். கையில வைச்சிருந்தனீ. போட்டிருக்கலாம். அந்தக் காணிக்குள்ளை என்ரை கோகுலன் இல்லையெண்டு உனக்குத் தெரியுமோ? சொல்லு. தெரியுமோ?"

பந்தலில் இருந்த பெண்கள் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"தெரியாது அக்கா," என்றாள் லூர்த்தம்மா.

கமலாவதி தன் கதிரையைத் தூக்கமுடியாமல் இழுத்துக்கொண்டு பந்தலின் மறுகோடிக்குப் போனாள்.